சராசரி 6 சதவீதம்தானே என்று ஏமாறாதீர்கள்: டூர் டி பிரான்ஸ் மலை ஸ்டேஜை முந்தின நாளே கணிப்பது எப்படி?

டூர் டி பிரான்ஸ் மூன்று வார சைக்கிள் பந்தயம்; ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு ஸ்டேஜ். 2023 ஜூலை 18, இரவு. அன்றைய டைம் டிரையலில் (ஒவ்வொருவராகத் தனியே, கடிகாரத்தோடு போட்டி போடும் ஸ்டேஜ்), பட்டத்துக்கு மோதிய இருவரில் டென்மார்க்கின் விங்கெகோர், ஸ்லோவேனியாவின் போகச்சாரை 1 நிமிடம் 38 விநாடி முந்தியிருந்தார். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பெரிய ஆள் மாதிரி எழுதினேன்: "நாளைக்கு ஒண்ணும் நடக்காது. கடைசி மலை நீளம்தான், ஆனா சராசரி வெறும் 6 சதவீதம். ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டே வருவாங்க."

மறுநாள் அதே மலையில், ஆல்ப்ஸின் கோல் டி லா லோஸில் ('கோல்' என்றால் கணவாய்), போகச்சார் துவண்டுபோனார். ரேடியோவில் "முடிஞ்சுது, செத்தேன்" என்று சொன்னது ஊருக்கே கேட்டது. விங்கெகோரிடம் 5 நிமிடத்துக்கு மேல் இழந்தார். என் வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்றைக்கும் ஓட்டுகிறார்கள். அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறைதான் இது. பெலோடான் (வீரர்களின் பெருங்கூட்டம்), பிரேக்அவே (அதிலிருந்து பிரிந்து முன்னால் ஓடும் குழு) எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. படத்தை எடுங்கள், ஆனால் நம்பாதீர்கள்

ஸ்டேஜின் பக்கவாட்டுப் படம் அதிகாரபூர்வ தளத்திலேயே கிடைக்கும். மலைகளின் பெயர், எத்தனையாவது கிலோமீட்டர், இதற்கு மட்டும் அதைப் பாருங்கள். உயரத்தை இழுத்து வரைந்திருப்பார்கள். எல்லா மலையும் சுவர் மாதிரிதான் தெரியும். சரிவு விவரத்துக்கு எனக்குப் பிடித்தது லா ஃப்ளாம் ரூஜ் தளம். பழைய முடிவுகளுக்கு புரோசைக்கிளிங்ஸ்டாட்ஸ் தளம். இதற்கென்று காசு கட்டி எந்தச் செயலியும் வாங்க வேண்டாம். பென்சிலும் காகிதமும் போதும்.

2. சராசரியை உடையுங்கள் (நான் விழுந்த இடம்)

ஒரே ஒரு சூத்திரம்: நீளம் (கி.மீ.) × சராசரி சரிவு (சதவீதம்; 6 என்றால் 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏற்றம்) × 10 = ஏறும் உயரம், மீட்டரில்.

கோல் டி லா லோஸ் மலையையே எடுத்துக்கொள்வோம். 2020இல் மெரிபெல் என்ற ஊர்ப் பக்கமாக ஏறியபோது 21.5 கி.மீ., 7.8 சதவீதம் என்று போட்டிருந்தார்கள். பெருக்கினால் 1677 மீட்டர். 2023இல் அதே பக்கம், அதே உச்சி. ஆனால் 28.1 கி.மீ., 6 சதவீதம். பெருக்கினால் 1686 மீட்டர்.

நீளம் 6.6 கி.மீ. கூடியிருக்கிறது, உயரம் கூடியது வெறும் 9 மீட்டர்! ஏற்றத்தின் தொடக்கக் கோட்டைக் கீழே தள்ளிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். மலை மாறவில்லை, சராசரி மட்டும் இளைத்துவிட்டது. நான் பார்த்தது அந்த இளைத்த எண்ணை.

அதனால் கிலோமீட்டர் கிலோமீட்டராக எழுதுங்கள். குறிப்பாகக் கடைசி 5 கி.மீ. லோஸில் அந்தப் பகுதி, 2019இல் தார் போட்டுத் திறந்த சைக்கிள் பாதை. கார்களுக்கு அனுமதி இல்லை. வழக்கமான மலைச்சாலை மாதிரி சீராக ஏறாது. செங்குத்தாக ஒரு துண்டு, மூச்சு வாங்க ஒரு சமதளம், மறுபடி செங்குத்து. அதிகபட்சம் 24 சதவீதம். சீரான தாளத்தில் மிதிக்கிறவர்களுக்கு அங்கே தாளமே கிடைக்காது, அதுவும் 2000 மீட்டருக்கு மேல், காற்று மெலிந்த இடத்தில். (2023இல் பந்தய வாகனமே அந்த ஏற்றத்தில் திணறி நின்று, விங்கெகோரின் வழியை மறித்தது.)

சராசரி உண்மை பேசும் மலைகளும் உண்டு. 2022இல் விங்கெகோர் மஞ்சள் சட்டையை (மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் அணிவது) பறித்த கோல் டு கிரனோன்: 11.3 கி.மீ., 9.2 சதவீதம். அங்கே ஒளிந்துகொள்ள சமதளமே கிடையாது.

3. மலைகளுக்கு நடுவே என்ன இருக்கிறது?

பலரும் தாண்டிப் போகும் இடம். இரண்டு மலைக்கு நடுவே நீளமான பள்ளத்தாக்கு வந்தால், முதல் மலையில் செய்த தாக்குதல் (திடீரென வேகம் கூட்டி மற்றவர்களை உதறப் பார்ப்பது) பெரும்பாலும் வீண். 2025இல், மறுபக்கத்து ஊரான கூர்ஷவெல் பக்கமாக லோஸ் ஏறிய ஸ்டேஜைப் பாருங்கள். மடலேன் மலையில் விங்கெகோர் தாக்கினார், போகச்சார் விடவில்லை. இறங்கிச் சமவெளிக்கு வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தார்கள். அந்தச் சந்தில் நழுவிய பென் ஓ'கானர், தனியாக உச்சிக்கு வந்து ஜெயித்தார்.

4. முடிவுக் கோடு எங்கே?

உச்சியிலேயே முடிகிறதா, இறங்கி முடிகிறதா? 2023இல் லோஸ் உச்சி தாண்டி இறங்கி, கூர்ஷவெலின் சின்ன விமான ஓடுதளத்தில் முடிந்தது. ஓடுதளம் என்றதும் சமதளம் என்று நினைக்காதீர்கள், அதுவே 18 சதவீதம் சாய்ந்தது. ஜெயித்தவர், பெயரிலேயே கால் வைத்திருக்கும் ஆஸ்திரியாக்காரர் ஃபீலிக்ஸ் கால்.

5. காற்று, நேரம்

பள்ளத்தாக்கில் எதிர்க்காற்றா என்று விண்டி என்ற காற்று வரைபடத் தளத்தில் ஒரு பார்வை போதும். மலை ஸ்டேஜ் பெரும்பாலும் நம் நேரம் இரவு 8.30 மணி வாக்கில் முடியும். 7 மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். தோசைக்கல்லுக்கு எழுந்துபோய்த்தான் ஒரு தாக்குதலை நான் தவறவிட்டேன்.

பின்சேர்க்கை: "ஜிபிஎக்ஸ் கோப்பை (ஸ்டேஜின் பாதையைப் பதிந்த கோப்பு) செயலியில் ஏற்றினால் ஒரு இடத்தில் 40 சதவீதம் காட்டுகிறதே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கே சுரங்கப்பாதை இருக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். சாலை மலைக்குள்ளே போகும், செயலி மலையின் மேற்பரப்பை அளக்கும். கொண்டை ஊசி வளைவுகளிலும் இதே கூத்து நடக்கும். அந்த எண்ணை அடித்துவிட்டு, முன்னும் பின்னும் உள்ள உயரங்களை வைத்து நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.