பற்றாக்குறைப் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும்போது டீச்சர்கள் வெளிநாட்டுக்கு எப்படி விண்ணப்பிப்பது?

தமிழக எல்லையோரம் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் வேலை பார்க்கும் டீச்சர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்தெந்த வேலைக்கு ஆள் பற்றாக்குறை என்று ஒரு நாடு போடும் பட்டியலைப் பற்றி "லிஸ்ட்ல டீச்சர் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, இருக்கிறது என்றால் மறுநாளே ஏஜென்சிக்குப் பணம் கட்டுகிறோம், இல்லை என்றால் அதோடு விட்டுவிடுகிறோம். ஆனால் 'டீச்சர்' என்று ஒற்றை வரியாக எந்த லிஸ்டும் போடுவதில்லை. எந்த வயதுப் பிள்ளைகளுக்கு, எந்தப் பாடம், எந்த விசாவுக்கு என்று பிரித்துத்தான் போடுவார்கள், அதில் உங்கள் வரி எது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஹைஸ்கூல் டீச்சருக்கு 241411, பிரைமரி டீச்சருக்கு 241213 என்று தனித்தனி எண். பல வருடமாக ஹைஸ்கூல் டீச்சர் நீண்டகாலப் பட்டியலில், பிரைமரி டீச்சர் குறுகியகாலப் பட்டியலில். இதனால் யாருடைய ஸ்பான்சரும் இல்லாமல் போகும் 189 விசா ஹைஸ்கூல் டீச்சருக்குத் திறந்திருந்தது, பிரைமரி டீச்சர் ஒரு மாநிலத்தின் நாமினேஷன் வாங்கி 190 அல்லது 491 வழியாகத்தான் போக முடிந்தது. 2024 டிசம்பரில் கம்பெனி ஸ்பான்சர் விசாவுக்கு மட்டும் புதிய பட்டியல் ஒன்று வந்தது. அதைப் பார்த்துவிட்டு எல்லா விசாவுக்கும் லிஸ்ட் மாறிவிட்டது என்று நம்பினால் கணக்கு தப்பும்.

நம் ஊர் யு.பி. ஸ்கூல் டீச்சர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஐந்து முதல் ஏழாம் வகுப்பு வரை எடுக்கிறோம், அப்படியானால் பிரைமரியா ஹைஸ்கூலா? ஆஸ்திரேலியாவில் டீச்சர்களின் தகுதியை மதிப்பிடும் ஏஐடிஎஸ்எல் முதலில் பார்ப்பது நீங்கள் எந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி எடுத்தீர்கள் என்பதைத்தான், இப்போது எந்த வகுப்பில் நிற்கிறீர்கள் என்பதை அல்ல. ஹைஸ்கூல் பாடத்தில் பி.எட். முடித்தவர் யு.பி.யில் வேலை பார்த்தாலும் ஹைஸ்கூல் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, லிஸ்டிலிருந்து எடுத்துவிட்டால்? அதன் பொருள் நாட்டுக்கு நாடு வேறு. இங்கிலாந்தில் கணக்கு, இயற்பியல் டீச்சர்கள் பற்றாக்குறைப் பட்டியலில் இருந்தார்கள், 2024 ஏப்ரலில் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டு வேறொன்று வைத்தபோது அவர்கள் பெயர் அதில் இல்லை. கதவு மூடிவிட்டது என்று பலர் நினைத்தார்கள், மூடவில்லை. லிஸ்டில் இருந்ததால் விசா கட்டணம் கொஞ்சம் குறைவு, சம்பள வரம்பில் கொஞ்சம் தளர்வு, அவ்வளவுதான். ஸ்பான்சர் லைசென்ஸ் உள்ள பள்ளி வேலை கொடுத்தால் அதற்குப் பிறகும் ஸ்கில்டு வொர்க்கர் விசா கிடைத்தது. அங்கே இந்திய டீச்சருக்கு உண்மையான வடிகட்டி க்யூடிஎஸ் என்ற ஆசிரியர் தகுதிதான். 2023 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் பயிற்சி பெற்றவர்களும் அதற்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம், ஆனால் 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கணக்கு, அறிவியல், மொழிப்பாடம் எடுப்பவர்களுக்குத்தான் என்று விதித்தார்கள். சோஷியல் டீச்சர் எவ்வளவு நன்றாகப் பாடம் எடுத்தாலும் அந்த வழி இல்லை, இது எனக்கு வருத்தமான விஷயம்தான்.

கனடாவில் நடந்தது இதற்கு நேரெதிர். 2025 பிப்ரவரியில், மதிப்பெண் வரிசையில் ஆட்களைக் குடியேற அழைக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் கல்வித்துறையைத் தனிப்பிரிவாகச் சேர்த்தார்கள், மே 1 அன்று முதல் சுற்றில் குறைந்தது 479 மதிப்பெண் உள்ள 1,000 பேரை அழைத்தார்கள். இடையில் மார்ச் மாதத்தில் வேலை ஆஃபருக்குக் கிடைத்துவந்த மதிப்பெண்ணை நீக்கியும் விட்டார்கள். அங்கே கவனிக்க வேண்டியது, பி.ஆர். என்ற நிரந்தரக் குடியிருப்பு அனுமதி கிடைப்பதும் வகுப்பறைக்குள் போவதும் ஒன்றல்ல. பாடம் எடுக்க அந்தந்த மாகாணத்தின் சான்றிதழ் தனியாக வேண்டும், அது இல்லாமல் போய் இறங்கி வேறு வேலை பார்ப்பவர்கள் உண்டு. நியூசிலாந்தின் பற்றாக்குறைப் பட்டியலான கிரீன் லிஸ்டில் பிரைமரி டீச்சர்கள் முதலில் இரண்டு வருடம் அங்கே வேலை பார்த்த பிறகுதான் குடியுரிமைக்கு முந்தைய ரெசிடென்ஸ் கேட்க முடியும் என்று இருந்தது, 2025 மார்ச்சில் நேரடியாகக் கேட்கும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அடுத்து தேதி. லிஸ்ட் மாறினால் எந்தத் தேதி உங்களைக் காப்பாற்றும் என்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் ஈ.ஓ.ஐ. என்ற விருப்பப் பதிவைப் போட்டு வைத்தால் இடம் பிடித்தாயிற்று என்று நினைக்காதீர்கள், அழைப்பு வரும் நாளில் உங்கள் எண் லிஸ்டில் இருக்க வேண்டும். அழைப்பு வந்த பிறகு 60 நாளுக்குள் விண்ணப்பம் போக வேண்டும், கனடாவிலும் அதே 60 நாள்தான். ஆஸ்திரேலியாவின் திட்ட ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்குவதால் மாநிலங்களின் நாமினேஷன் விதிகளும் அதையொட்டித்தான் மாறும், ஆகவே மே, ஜூனிலேயே காகிதங்கள் கையில் இருக்கட்டும். இங்கிலாந்தில் விண்ணப்பிக்கும் நாளின் விதிதான் கணக்கு, பள்ளி தரும் ஸ்பான்சர்ஷிப் சான்று மூன்று மாதத்தில் காலாவதி.

இந்த 60 நாளில் காகிதம் தேடத் தொடங்கினால் முடியாது. எனக்குத் தெரிந்து பெரும்பாலும் எல்லையோர டீச்சர்கள் மாட்டுவது லிஸ்டில் அல்ல, இங்கேதான். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் கேரளாவுடையது, அதில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து இனிஷியல். டிகிரி கோயம்புத்தூரில் பாரதியார் பல்கலைக்கழகம், அதில் இனிஷியல் முன்னால். பி.எட். காலிகட், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக சர்நேம் இடத்தில், கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் வீட்டுக்காரர் பெயர். ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு ஆள் போலத் தெரியும். முதலில் வில்லேஜ் ஆபீஸில், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளுடையதுதான் என்று சொல்லும் 'ஒன் அண்ட் சேம்' சர்டிபிகேட் வாங்குங்கள், பாஸ்போர்ட்டில் இருப்பதை அளவுகோலாக வைத்து மற்றவற்றைச் சரிசெய்யுங்கள். சான்றிதழ் உண்மையானதுதான் என்று அரசு உறுதிசெய்யும் அட்டெஸ்டேஷன் கேட்டால் கேரளச் சான்றிதழுக்குக் கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் இருக்கிறது, தமிழ்நாட்டுச் சான்றிதழுக்குத் தமிழ்நாட்டு அரசிடம்தான் போக வேண்டும், ஒரே நாளில் இரண்டும் முடியும் என்று லீவு போடாதீர்கள்.

அப்புறம் டீச்சிங் பிராக்டிஸ். ஏஐடிஎஸ்எல் குறைந்தது 45 நாள் மேற்பார்வையுடன் கூடிய வகுப்பறைப் பயிற்சி கேட்கிறது, மொத்தப் படிப்பு நான்கு வருடத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். இரண்டு வருட பி.எட். படித்தவர்களுக்கு இண்டர்ன்ஷிப்பே பல வாரம் என்பதால் கவலையில்லை. பழைய ஒரு வருட பி.எட். படித்தவர்கள் உங்கள் ரெக்கார்டை எடுத்துத் தேதிகளை எண்ணிப் பாருங்கள். எத்தனை நாள், எந்தப் பள்ளி, எந்த வயதுப் பிள்ளைகள், என்ன பாடம் என்று கல்லூரி லெட்டர்ஹெட்டில் கையெழுத்து, சீல், தேதியோடு வாங்க வேண்டும். கல்லூரி மூடிவிட்டாலோ பிரின்சிபால் மாறிவிட்டாலோ இதற்கே மாதக்கணக்கில் போகும், எனவே போகிறோமோ இல்லையோ இந்தக் கடிதத்தை இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். டி.எல்.எட். மட்டும் முடித்துவிட்டு அஞ்சல் வழியில் டிகிரி எடுத்தவர்கள் பணம் கட்டும் முன் இன்னொரு முறை விதியைப் படியுங்கள், பட்டப்படிப்பு அளவிலான ஆசிரியர் பயிற்சியைத்தான் கேட்கிறார்கள்.

ஆங்கிலம் விஷயத்தில் வெளிப்படையாகச் சொல்கிறேன். ஏஐடிஎஸ்எல்லுக்கு ஐஈஎல்டிஎஸ் அகாடமிக்கில் ரீடிங், ரைட்டிங் 7, ஸ்பீக்கிங், லிசனிங் 8. நர்ஸுக்குக் கேட்பதைவிட அதிகம். ஆங்கில மீடியத்தில் படித்தேன் என்ற கல்லூரிக் கடிதம் அங்கே செல்லாது. தமிழ் மீடியத்தில் படித்து தமிழ் மீடியத்தில் பாடம் எடுப்பவர்களுக்கு ஸ்பீக்கிங் 8 என்பது ஒரு மாத கோச்சிங்கில் வருவதில்லை, ஆறு மாதமாவது தினமும் வாய்விட்டுப் பேச வேண்டும், கூடப் பேச இன்னொரு டீச்சர் கிடைத்தால் நல்லது. லிஸ்ட் எந்தப் பக்கம் மாறினாலும் இந்த மதிப்பெண் வீணாகாது, நியூசிலாந்தின் டீச்சிங் கவுன்சிலும் நான்கிலும் 7 கேட்கிறது.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. ஆஸ்திரேலியப் பாயிண்ட் முறையில் 25 முதல் 32 வயதுக்கு 30 பாயிண்ட், 33 முதல் 39 வரை 25, 40 முதல் 44 வரை 15, 45 ஆனால் அந்த வழியே இல்லை. உங்களுக்கு 39 முடியப் போகிறது என்றால் அடுத்த லிஸ்டுக்குக் காத்திருக்காமல் இருக்கும் வழியில் போடுங்கள்.

அரசு, எய்டட் பள்ளியில் இருப்பவர்கள் ராஜினாமா கடிதத்தை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டு வேலைக்குச் சம்பளமில்லா விடுப்பு கேரளாவில் முன்பு 20 வருடம் வரை கிடைத்தது, 2020-ல் அதை 5 வருடமாகக் குறைத்துவிட்டார்கள், இருந்தாலும் அது இருக்கிறது. அனுபவச் சான்றிதழில் ஏ.இ.ஓ. அல்லது டி.இ.ஓ. கையெழுத்தையும் அப்போதே வாங்கிவிடுங்கள். வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் என்றால் மத்திய அரசின் இமைகிரேட் தளத்தில் லைசென்ஸ் எண்ணைப் பாருங்கள், அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. "லிஸ்ட் மாறப்போகுது, இன்னைக்கே கட்டுங்க" என்று சொல்லிப் பல லட்சம் கேட்பவரிடம் எந்த நாடு, எந்த விசா, எந்த எண், எந்தத் தேதியின் லிஸ்ட் என்று நான்கையும் எழுதிக் கேளுங்கள். எழுதித் தராவிட்டால் பணம் கொடுக்க வேண்டாம்.