கொழும்பு வீட்டில் சேம்பு: உணவுக்கும் அழகுக்கும்

சேம்பு வளர்க்கத் தொடங்குமுன், கையில் இருப்பது உண்ணத்தக்க சேம்புதானா என்பதை உறுதிசெய்துகொள்வது மிக அவசியம். கொழும்பின் நாற்று விற்பனை நிலையங்களில் யானைச் செவி போன்ற இலையுள்ள செடிகள் பல விற்கப்படுகின்றன. அவற்றுள் சில உண்மையான சேம்பு. சில அதன் உறவுச் செடிகள். சில அழகுக்காக மட்டுமே வளர்க்கப்படுபவை. சிங்களத்தில் ஹபரல எனப்படும் பெரிய செடியின் பளபளப்பான இலைகள் வானத்தை நோக்கி நிமிர்ந்து நிற்கும். அது வீட்டுச் சமையலுக்கு ஏற்றதன்று. கிரி அல என்ற பெயரில் பொதுவாக விற்கப்படுவது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மற்றொரு செடியின் கிழங்கு. அது சமைத்து உண்ணத்தக்கது. சிவப்பு, வெள்ளைப் புள்ளிகளுடன் மெல்லிய இலை விடும் கலேடியத்தை எக்காரணம் கொண்டும் உண்ணக் கூடாது.

சேம்பின் இலைக்காம்பு இலையின் பிளவில் வந்து சேர்வதில்லை; பிளவிலிருந்து சற்று உள்ளே தள்ளி, இலையின் அடிப்பக்கத்தில் பொருந்தியிருக்கும். கிரி அலவின் காம்பு நேராகப் பிளவிலேயே சேரும். எனினும் இந்த அடையாளத்தை மட்டும் நம்பக் கூடாது. கலேடியத்திலும் ஹபரலவின் இளஞ்செடியிலும்கூடக் காம்பு உள்தள்ளியே பொருந்தியிருக்கும். ஆகையால், உணவுக்காக விற்கப்படும் கிழங்கையே வாங்கி முளைக்க வைப்பதுதான் நான் பரிந்துரைக்கும் வழி. வெள்ளவத்தைச் சந்தையிலோ பேலியகொடையிலுள்ள மெனிங் சந்தையிலோ முட்டை வடிவில், நார்த்தோலுடன் கிடைக்கும் சிறு சேப்பங்கிழங்குகளுள் நுனியில் முளை தெரிபவற்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். அப்படி முளைத்த செடியே வரவேற்பறை வாசலுக்குப் போதிய அழகைத் தரும். பெருங்களிற்றின் செவிக்கு ஒப்பாகப் பழந்தமிழ்ப் புலவர்கள் கண்டது இந்த எளிய பச்சை இலையைத்தான். கருமையான இலைக்கு ஆசைப்படுபவர் பிளாக் மேஜிக் போன்ற வகையைத் தனித் தொட்டியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அழகுக்காக வாங்கிய செடியைச் சமைக்க வேண்டாம். அதன் காறல் எவ்வளவு என்பதும், அதற்கு என்ன மருந்து தெளித்தார்கள் என்பதும் வாங்குபவருக்குத் தெரியாது.

கொழும்பில் மே மாதத்தை ஒட்டியும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை உச்சத்தில் இருக்கும். ஜனவரியும் பெப்ரவரியும் ஒப்பளவில் வறண்டவை. ஏப்ரலில் நட்டால் மழையோடு இலை பெருகும். கிழங்கு முற்றும் வேளையில் வறட்சி நெருங்கிவிடும் என்பதால் அதுவே எனக்குப் பிடித்த பருவம். தொட்டியில் நீர் ஊற்ற ஆள் இருந்தால் எந்த மாதத்திலும் நடலாம்.

தொட்டி குறைந்தது 40 சென்ரிமீற்றர் அகலமும் 35 சென்ரிமீற்றர் ஆழமும் கொண்டதாக இருக்கட்டும். நனைந்த மண்ணுடன் அதன் எடை 50 கிலோ அளவுக்கு வரலாம் என்பதைத் தொடர்மாடி வீடுகளில் வசிப்போர் நினைவில் வைத்து, மாடத்தின் விளிம்பில் அன்றிச் சுவரோரமாக வைக்க வேண்டும். இரண்டு பங்கு தோட்டமண், ஒரு பங்கு நன்கு மட்கிய கூட்டெரு, ஒரு பங்கு தும்புத்தூள் என்ற கலவை ஈரத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். தும்புத்தூளில் உப்பு இருக்கலாம் என்பதால் அதை முதலில் இரண்டு முறை அலசிவிட வேண்டும். முளை மேல்நோக்கியிருக்கும்படி 5 முதல் 8 சென்ரிமீற்றர் ஆழத்தில் கிழங்கை வைத்து மூடினால், இரண்டு முதல் நான்கு வாரங்களில் சுருண்ட முதல் இலை வெளிவரும். நிலத்தில் நடுபவர் செடிகளுக்கிடையே 60 சென்ரிமீற்றர் விட வேண்டும். கபுக் கல் எனப்படும் செம்புரைக்கல் கலந்த செம்மண் விரைவில் காய்ந்துவிடும் என்பதால், குழியை அகலமாகத் தோண்டி எருவால் நிரப்புவது நல்லது.

ஒரு நாளில் நான்கு முதல் ஆறு மணி நேர வெயில் சேம்புக்குப் போதும். மாடத்தின் உள்மூலையில் வைத்தாலும் இலை விடும். ஆனால் காம்பு நீண்டு சாயும், கிழங்கு சிறுக்கும். கடற்கரையை ஒட்டிய வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வீடுகளில் உப்புக்காற்று இலையோரங்களைக் கருக்கும். அங்கே கடலுக்கு மறைவான பக்கத்தைத் தேர்வது நலம். காலையில் இலைநுனியிலிருந்து நீர் சொட்டினால் அஞ்ச வேண்டியதில்லை. வேர் ஈர்த்த மிகை நீரைச் செடி அவ்வாறு வெளியேற்றுகிறது.

சேம்புக்கு எப்போதும் ஈரம் வேண்டும். கொழும்பு வீட்டில் தேங்கும் நீரோ டெங்கு நுளம்பின் தொட்டில். இவ்விரண்டையும் இணக்கப்படுத்துவதே இந்த நகரில் சேம்பு வளர்ப்பவரின் முதன்மையான கடமை. மண் ஈரமாக இருக்கலாம், நீர் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கக் கூடாது. தொட்டியின் கீழ்த் தட்டை அகற்றிவிடுங்கள். இலைக்காம்புகளின் அடிக்கவட்டில் மழைநீர் தங்கும். வாரம் இரு முறை காம்புகளை மெல்லச் சாய்த்து அதை வடித்துவிடுங்கள். முட்டையிலிருந்து நுளம்பாக வளர ஏறத்தாழ ஒரு வாரமே போதும். நீர்த்தொட்டியில் செடியை நிறுத்தி அழகு பார்க்க விரும்புவோர் அதில் கப்பி மீன்களை விடத் தவறக் கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வருவார் என்பதாலும், நுளம்பு பெருக இடமளிப்பதைத் தண்டிக்க 2007 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டுள்ளது என்பதாலும் மட்டும் இதைச் சொல்லவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் உடல்நலமும் நம் தொட்டியோடு பிணைந்திருக்கிறது.

மாதம் ஒரு முறை இரு கைப்பிடி கூட்டெருவும், இடையிடையே சிறிது விறகுச் சாம்பலும் இட்டால் வேறு பசளை தேவையில்லை. இரண்டாம், நான்காம் மாதங்களில் அடித்தண்டைச் சுற்றி மண் அணைத்துவிட வேண்டும். வெளியே தெரியும் பக்கக்கிழங்குகள் பச்சையாகி மற்றொரு செடியாக முளைக்கப் பார்க்கும். தொடர்மழையில் இலைகளில் நீர் ஊறியது போன்ற வட்டப் புள்ளிகள் தோன்றி, வளையம் வளையமாகப் பரவினால் அது இலைக் கருகல் நோய். 1993 இல் சமோவாத் தீவுகளின் சேம்புப் பயிரை அழித்தது இதுவே. தாக்குண்ட இலைகளை உடனே வெட்டிக் கட்டிக் குப்பையில் இடுங்கள். எருக்குழியில் போட வேண்டாம். மாலையில் இலைமேல் நீர் ஊற்றுவதையும் தவிர்க்க வேண்டும்.

இலை வேண்டுமா, கிழங்கு வேண்டுமா என்பதையும் முன்பே முடிவுசெய்துகொள்வது நல்லது. கிழங்குக்கு உணவு சேர்ப்பது இலையே. வாரந்தோறும் இலை பறித்த தொட்டியில் கிழங்கு விரலளவே இருந்ததை நான் கண்டபின், கீரைக்கு ஒரு தொட்டியும் கிழங்குக்கு ஒரு தொட்டியுமாகப் பிரித்துவிட்டேன். கிழங்குத் தொட்டியில் எப்போதும் நான்கைந்து இலைகளாவது நிற்கட்டும்; வாசலுக்கு அழகும் அதுவே.

இலை, தண்டு, கிழங்கு ஆகிய மூன்றிலும் ஊசி வடிவான கல்சியம் ஒக்சலேற்றுப் படிகங்கள் உள்ளன. நாக்கும் தொண்டையும் காறுவது அவற்றால்தான். எனவே எந்தப் பகுதியையும் பச்சையாகச் சுவைக்கக் கூடாது. குழந்தைகளுக்கும் நாய், பூனைகளுக்கும் எட்டாத இடத்தில் செடியை வைக்க வேண்டும். நறுக்குமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். இளம் இலைகளை நறுக்கி, நிறைய நீரில் முக்கால் மணி நேரம் வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டுப் பழப்புளியோ கொறக்காப் புளியோ சேர்த்துத் தேங்காய்ப்பாலில் கறியாக்கலாம். கிழங்கைத் தோலுடன் அவித்தபின் உரிப்பது கைக்கு இதம். சிறுநீரகக் கல் உள்ளவர் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். வெள்ளவத்தைக் கால்வாய்க் கரை போன்ற இடங்களில் தானாக வளர்ந்து நிற்கும் சேம்பைப் பறித்துச் சமைப்பது தகாது. கழிவு கலந்த சேற்றிலுள்ள உலோகங்களைச் செடி உள்ளிழுத்துக்கொள்ளும்.

ஏழாம் மாதமளவில் புதிய இலைகள் சிறுத்து, பழைய இலைகள் மஞ்சளாகும். நீரைக் குறைத்து இரண்டு மூன்று வாரம் கழித்துத் தொட்டியைக் கவிழ்த்தால், தாய்க்கிழங்கைச் சுற்றிக் குட்டிக் கிழங்குகள் ஒட்டியிருக்கும். மண்ணை உதறி, கழுவாமல், காற்றோட்டமான நிழலில் பரப்பினால் சில வாரங்கள் கெடாது. சமைக்க எடுக்குமுன் காயமற்ற, உருண்டு திரண்ட ஐந்தாறு கிழங்குகளை ஒதுக்கிவையுங்கள். அடுத்த நடவுக்கு அவை வேண்டும்.