ஜவ்வு பிதுங்கிய இடுப்பு: கோலம் போடுவதிலிருந்து ஏற்காடு போவது வரை

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு மார்கழிக் காலை. வாசலில் கோலத்தை முடித்து நிமிர்ந்தேன், பாதியில் நின்றுவிட்டேன். நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. கையில் கோலப்பொடி டப்பா. பக்கத்து வீட்டு அக்கா வந்து பிடித்து உள்ளே கொண்டுபோய் விட்டார். சாயங்காலத்துக்குள் வலி புட்டத்துக்கு இறங்கியது. மறுநாள் இடது கெண்டைக்காலில் கரண்ட் அடித்த மாதிரி இருந்தது. ஸ்கேனில் கீழ்முதுகில் எல் 4 – எல் 5, எல் 5 – எஸ் 1 (முதுகெலும்புக் கட்டைகளின் எண்கள்) இரண்டு இடத்திலும் 'டிஸ்க் பல்ஜ்'. நம்மூர் பேச்சில் ஜவ்வு விலகல்.

நான் ஆடிட்டர் ஆபீசில் கணக்குப் பார்ப்பவள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் நாற்காலி. மருத்துவர் இல்லை, பிசியோதெரபிஸ்ட்டும் இல்லை. எனக்கு எது எந்த வரிசையில் பலித்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

எதற்கும் முன்னால்

மூத்திரம் வராமல் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு இழுபட்டாலோ இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அன்றைக்கே. காய்ச்சலோடு முதுகுவலி, காரணமே இல்லாமல் எடை குறைவது, கீழே விழுந்ததால் வந்த வலி இவையும் வீட்டு வைத்தியத்துக்கு இல்லை.

1. ரிப்போர்ட்டைப் பார்த்து அழாதீர்கள்

நான் அழுதேன், அதனால் சொல்கிறேன். முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வில், வெளியே அடுக்கடுக்காக நார், உள்ளே நுங்கு மாதிரிக் கூழ். நார்ச்சுற்று தளர்ந்து வெளியே உப்புவதுதான் பல்ஜ். உப்பல் பக்கத்து நரம்பு வேரை உறுத்தினால் வலி காலுக்கு இறங்கும்.

முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் திரட்டிப் பார்த்த ஒரு ஆய்வு 2015இல் வந்தது. 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு பல்ஜ் இருந்ததாம். 80 வயதில் 84 சதவீதம். அதாவது வலி இல்லாமல் எங்கள் சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் வரிசையில் நிற்பவர்களை ஸ்கேன் எடுத்தாலும் நிறையப் பேருக்கு இதே வார்த்தை வரும். ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வையுங்கள். இனிமேல் பார்க்க வேண்டியது உங்கள் கால் வலியை.

2. எழுந்திருக்கும் விதம்

படுத்த இடத்திலிருந்து நேராக எழுந்து உட்காரக் கூடாது. ஒருக்களித்துத் திரும்பி, இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இரண்டு நாளில் பழகிவிடும்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் "பாய் விரிச்சுத் தரையில படு" என்றார்கள். படுப்பது சுகம்தான். காலையில் தரையிலிருந்து எழுவதற்குள் உயிர் போய்விட்டது. நாலாம் நாளே கட்டிலுக்குத் திரும்பினேன். ரொம்பக் கெட்டியும் இல்லாமல் ரொம்ப மெத்தென்றும் இல்லாமல் நடுத்தரமான மெத்தை போதும். முழு ஓய்வு என்று வாரக்கணக்கில் படுத்தே கிடப்பதும் வேண்டாம். ஒன்றிரண்டு நாள் சரி, அதற்குமேல் உடம்புதான் இறுகும்.

3. காலை முதல் ஒரு மணி நேரம் குனியாதீர்கள்

ராத்திரி படுத்திருக்கும்போது ஜவ்வு நீரை உறிஞ்சி உப்புகிறது. காலையில் நாம் ஒரு சென்டிமீட்டர் சொச்சம் உயரமாக இருப்பது அதனால்தான். அந்த உப்பலோடு குனிந்தால் ஜவ்வில் அழுத்தம் அதிகம். நானோ படுக்கையை விட்டு எழுந்த பத்தாவது நிமிடம் குனிந்து வாசல் கூட்டி, தண்ணீர் தெளித்து, இருபது நிமிடம் குனிந்தே கோலமும் போட்டுக்கொண்டிருந்தேன். பதினேழு வருடமாக.

ஐந்து மணிக்கு எழுந்தால் ஆறரைக்குத்தான் வாசல் வேலை என்று மாற்றினேன். "வெயில் வந்தப்புறம் போடற கோலத்தை யார் பார்க்கறது?" என்றார் அத்தை. மூன்று மாதம் அவரே போட்டார், தினமும் முணுமுணுத்துக்கொண்டு. பிறகு நான் ஒரு முழங்காலை ஊன்றிச் சின்னக் கோலமாகப் போட ஆரம்பித்தேன்.

சீமாறைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீட்டுச் சீமாறு இரண்டரை அடி. அதில் கூட்டினால் இடுப்பு மடங்கித்தான் ஆகும். மாநகராட்சி ஆட்கள் தெருக் கூட்டுவதைப் பாருங்கள், ஈர்க்குச்சிக் கட்டை நீளமான கழியில் கட்டியிருப்பார்கள், நிமிர்ந்தே கூட்டுவார்கள். என் வீட்டுக்காரர் ஒரு மூங்கில் கழியில் நைலான் கயிற்றால் அதே மாதிரி கட்டிக்கொடுத்தார். இந்த இரண்டு வருடத்தில் உருப்படியான கருவி என்றால் அதுதான்.

4. குப்புறப் படுப்பது (நான் சறுக்கிய இடம்)

இதை நிதானமாகப் படியுங்கள்.

பிசியோதெரபிஸ்ட் முதலில் சொல்லிக்கொடுத்தது ரொம்ப எளிது. குப்புறப் படுத்து ஐந்து நிமிடம் சும்மா கிடப்பது. அது பழகியதும் முழங்கையை ஊன்றி, நாம் படுத்துக்கொண்டு புத்தகம் படிப்போமே, அப்படி இரண்டு மூன்று நிமிடம். அதுவும் பழகியதும் உள்ளங்கையை ஊன்றி மார்பை மட்டும் தூக்குவது. இடுப்பும் தொடையும் விரிப்போடு ஒட்டியே இருக்க வேண்டும். பத்து தடவை, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. ஆபீசில் படுக்க முடியாது, அங்கே இடுப்பில் கையை வைத்து நின்றபடி பின்னால் வளைவேன்.

தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் ஒரு கால் படம் வரைந்து, வலி எங்கே போய் நிற்கிறதோ அங்கே பேனாவால் ஒரு புள்ளி வைப்பேன். முதல் வாரம் புள்ளி கணுக்காலுக்கு மேலே. பிறகு கெண்டைக்கால். பிறகு முழங்காலுக்குப் பின்னால். பதினொன்றாம் நாள் காலில் ஒன்றுமே இல்லை, ஆனால் நடு இடுப்பில் வலி முன்பைவிட இரண்டு மடங்கு. பயந்துவிட்டேன். 'பயிற்சி செய்து முதுகைக் கெடுத்துக்கொண்டோம்' என்று முடிவு கட்டி எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஆபீசில் அப்போது ரிட்டர்ன் வேலை வேறு. மூன்று வாரத்தில் இடுப்பு வலி குறைந்தது, புள்ளி மறுபடி கணுக்காலுக்கே இறங்கியிருந்தது.

தாள்களை எடுத்துக்கொண்டு போய் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டினேன். அவர் வரிசையாக மேசைமேல் பரப்பிப் பார்த்துவிட்டு, "அது மேல ஏறணும்னுதானுங்க இதைச் செய்யறதே" என்றார். வலி காலை விட்டு இடுப்புக்கு வந்து குவிந்தால், இடுப்பில் கொஞ்ச நாள் கூடுதலாக வலித்தாலும், அது நல்ல அறிகுறி. இடுப்பில் வலி குறைந்து காலில் கீழே இறங்கினால்தான் கெட்டது. அளவைப் பார்க்காதீர்கள், இடத்தைப் பாருங்கள்.

இது கண்டுபிடிக்கப்பட்டதே தற்செயலாகத்தான். 1956இல் நியூசிலாந்தில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்ட், கால் வரை வலியோடு வந்த ஒருவரைக் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டு வேறு வேலையாகப் போயிருக்கிறார். முந்தைய நோயாளிக்காகத் தலைப்பக்கம் தூக்கி வைத்திருந்த மேசை அது. இடுப்பு பின்னால் வளைந்தபடியே அவர் ஐந்து நிமிடம் கிடந்தார். திரும்பி வந்து பார்த்தால் அவருடைய கால் வலி போயிருந்தது.

பின்னால் வளைவது எல்லோருக்கும் ஆகாது. செய்யச் செய்யப் புள்ளி கீழே இறங்கினால், மரத்துப்போவது கூடினால், உடனே நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். தண்டுவடப் பாதை குறுகிப்போன வயதானவர்களுக்குப் பெரும்பாலும் முன்னால் குனிந்தால்தான் சுகம், பின்னால் வளைந்தால் வலி. என் அத்தை அப்படித்தான். ஒரே வீட்டில் இரண்டு முதுகு, இரண்டு வைத்தியம்.

5. நடை

மூக்கனேரிக் கரைதான் எனக்கு. முதலில் பத்து நிமிடம் மூன்று வேளை, பிறகு இருபது, பிறகு முப்பது. கையை வீசி, கொஞ்சம் வேகமாக. ஆமை வேகத்தில் நடந்தால் எனக்கு வலி கூடியது. ஏரிக்குள் மண்திட்டுகளில் கொக்கும் நீர்க்காகமும் உட்கார்ந்திருக்கும், வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள். நின்றால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

6. மூன்றே பயிற்சி

கால் வலி அடங்கி இரண்டு மாதம் கழித்து ஆரம்பித்தேன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைப்பவை. ஒன்று, மல்லாந்து ஒரு காலை மடக்கி, இடுப்புக்கடியில் உள்ளங்கையை வைத்து, தலையையும் தோளையும் மட்டும் துளி தூக்குவது. இரண்டு, ஒருக்களித்து முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்குவது, முதலில் முழங்காலை மடக்கியே. மூன்று, தவழும் நிலையில் வலது கையையும் இடது காலையும் நீட்டுவது, பிறகு மாற்றி. ஒவ்வொன்றும் பத்து விநாடி. மல்லாந்து படுத்து எழுந்து உட்காரும் பழைய பள்ளிக்கூட 'சிட்-அப்' வகையறா வேண்டவே வேண்டாம்.

7. வாங்கியதும், வாங்கியிருக்க வேண்டாததும்

நாற்காலிக்கு விசேஷ மெத்தை ஒன்று வாங்கினேன். இப்போது பூனை படுக்கிறது. ஒரு தேங்காய்ப்பூத் துண்டை இறுக்கச் சுருட்டி இரண்டு ரப்பர் பேண்ட் போட்டு இடுப்பு வளைவில் வைத்தால் அதைவிட நன்றாக இருக்கிறது.

பெல்ட் முதல் மூன்று வாரம் பஸ் பயணத்துக்கு உதவியது. அதற்குமேல் போடாதீர்கள். அதை நம்பி வயிற்றுத் தசை சோம்பிவிடும்.

போனில் அரை மணிக்கு ஒரு அலாரம். அடித்தால் எழுந்து நிற்க வேண்டும். முதலில் ஆபீசில் சிரித்தார்கள், இப்போது இன்னும் இரண்டு பேர் எழுந்து நிற்கிறார்கள்.

ஒரு இடத்தில் காலைப் பிடித்து இழுத்து, முதுகில் ஏறி மிதித்து, 'ஜவ்வை உள்ளே தள்ளிவிட்டேன்' என்றார்கள். அடுத்த ஒரு வாரம் குளிக்கக்கூட நிற்க முடியவில்லை. ஜவ்வை யாரும் கையால் உள்ளே தள்ள முடியாது.

ஸ்கூட்டியை ஐந்து மாதம் ஓட்டவில்லை. அஸ்தம்பட்டியிலிருந்து ஐந்து ரோடு போவதற்குள் எத்தனை வேகத்தடை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

8. திரும்ப வரும்

ஆடி மாதம் எனக்குத் திரும்ப வந்தது. சில மாதமாக நன்றாக இருக்கிறதே என்று பொங்கல் வைக்கப் போய், புகை அடுப்பை ஊதக் குனிந்து குனிந்து எழுந்தேன். மறுநாள் புள்ளி முழங்காலில். இந்தத் தடவை அழவில்லை. நாலாவது படிக்குத் திரும்பிப் போய்ப் பழையபடி ஐந்து நிமிடம் குப்புறக் கிடந்தேன். முதல் தடவை நாலு மாதம் எடுத்தது, இந்தத் தடவை பன்னிரண்டு நாள்.

9. ஏற்காடு

அக்கா வீடு ஏற்காட்டில். ஒன்றரை வருடம் போகவில்லை. 30 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு. போன மே மாதம் கோடை விழா சமயத்தில் போனேன். பஸ்ஸில் பின் சக்கரத்துக்கு மேலும் அதற்குப் பின்னாலும் உட்காராதீர்கள், தூக்கிப் போடும். முன்பக்கம், ஜன்னலோரம் வேண்டாம், கம்பியைப் பிடிக்க வசதியாக நடைபாதைப் பக்கம். துண்டு ரோல் இடுப்பில். வளைவுக்கு வளைவு உடம்பைத் திருப்பாமல், பாதத்தை அகட்டி ஊன்றிக் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இறங்கியதும் உட்காராமல் ஏரியைச் சுற்றிப் பத்து நிமிடம் நடந்தேன். அன்று ராத்திரி தாளில் வைக்கப் புள்ளி இல்லை.

பிற்சேர்க்கை 1: கேஸ் சிலிண்டர் பற்றி நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். உள்ளே இருக்கும் கேஸ் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் 30 கிலோ நெருக்கம். தூக்கவே தூக்காதீர்கள். கொண்டுவருபவரையே அடுப்படியில் வைக்கச் சொல்லுங்கள், இல்லை சக்கர ஸ்டாண்டு வாங்குங்கள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைப்பதும் ஒரு பக்கமாக வளைத்துவிடும். இரண்டு சின்ன வாளியில் பாதிப் பாதி, இரண்டு கையிலும்.

பிற்சேர்க்கை 2: இந்தியன் டாய்லெட் மட்டும் உள்ள வீட்டில் என்ன செய்வது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், எங்கள் வீட்டில் இரண்டும் இருந்ததால் தோன்றவில்லை. நடுவில் ஓட்டை போட்ட ஸ்டீல் ஸ்டூல் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது, அதைக் கோப்பைக்கு மேல் வைத்தால் போதும். சுவரில் ஒரு கைப்பிடி அடித்துக்கொள்ளுங்கள். முக்குவதும் ஜவ்வில் அழுத்தும், அதனால் மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரை சிலருக்கு வயிற்றைக் கட்டிவிடும், எனக்குக் கட்டியது. ராத்திரி இரண்டு கொய்யாப்பழம் சாப்பிட ஆரம்பித்த பிறகு சரியானது.