மூன்று வரிசை வண்டியும் குமுளி மலையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்த்திகை பிறந்துவிட்டால் கம்பத்தில் எங்கள் பட்டறை வாசலில் புது ஏழு சீட்டர்கள் வரிசை கட்டும். சபரிமலைக்குப் போகிற வண்டி, வண்டிப்பெரியாறு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய வண்டி. கோளாறு மட்டும் வருஷா வருஷம் ஒன்றேதான். சர்வீஸ் தேதி, சீட் பெல்ட் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு பேரோடு ஓட்டிப் பார்த்து, ஏழு பேருக்கு வாங்குவது

அப்பாவும் மகனும் முன்னால் ஏறி, உத்தமபாளையம் வரை ஒரு விரட்டு விரட்டிவிட்டு வந்து, "இழுவை அருமை" என்பார்கள். மூன்றாம் வரிசையில் ஒருத்தரும் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான்.

இந்த வண்டிகளில் பலவும் ஐந்து பேருக்கென்று பிறந்தவை. டாடா ஹாரியர் 2019இல் வந்தது. 2021இல் அதை 63 மில்லிமீட்டர் நீட்டி சஃபாரி ஆக்கினார்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் இரண்டிலும் அதே 2741 மி.மீ. கூடுதல் நீளம் அச்சுக்கு வெளியேதான் போயிற்று. ஹூண்டாய் வேறு வழியில் போனது. கிரெட்டாவின் 2610 மி.மீ. அச்சு இடைவெளியை அல்கசாருக்கு 2760 ஆக இழுத்தது. எப்படிச் செய்தாலும் கடைசி வரிசையை நிமிர்த்தியதும் டிக்கி சுருங்கிவிடும். சஃபாரியில் 73 லிட்டர், அல்கசாரில் 180. 73 லிட்டர் என்றால் வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் மூன்றரை. ஏழு பேரின் பை எங்கே போகும்? மேலே கேரியருக்குத்தான்.

எடையைப் பாருங்கள். ஆளுக்கு 65 கிலோ வைத்தாலே ஏழு பேர் 455. பைகள், கேரியர், மேலே கட்டிய பலாப்பழ மூட்டை எல்லாம் சேர்ந்தால் ஐந்நூறை எளிதாகத் தாண்டும். வண்டி மொத்தம் எவ்வளவு தாங்கும் என்று தகட்டில் அடித்திருக்கிறார்கள். கூரைக்குத் தனி வரம்பு கையேட்டில் இருக்கிறது, கேரியரின் சொந்த எடையும் அதில் சேர்த்திதான். யார் படிக்கிறார்கள்?

கூடலூர்க்காரர் ஒருவர் அப்படித்தான் வந்தார். ஆட்டோமேட்டிக் வண்டி, வாங்கி மாதம்கூட ஆகவில்லை. குமுளியிலிருந்து கியரை டி-யிலேயே (டிரைவ், தானே கியர் மாறும் நிலை) போட்டு, பிரேக்கில் காலை வைத்தபடி இறங்கியிருக்கிறார். மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறக்கும் பென்ஸ்டாக் குழாய்கள் கண்ணில் படும் இடத்தில் தீய்ந்த வாடை. பெடல் பொதபொதவென்று உள்ளே போக, எப்படியோ ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். கூட வந்த யாரோ சொன்னார்கள் என்று கொதிக்கிற பிரேக் டிஸ்க்கில் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். டிஸ்க் கோணிவிட்டது. பேட் கறுத்துக் கண்ணாடியாக வழுக்கியது. பிரேக் ஆயிலைக் கழற்றினால் கறுப்பு. முன் இரண்டு டிஸ்க், பேட், ஆயில் எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. பில்லைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது: "ஏழு சீட்டுதானண்ணே, ஏழு பேர்தானே போனோம்?"

மலையில் டிரைவர்கள் தலைமுறையாகச் சொல்வது, ஏறின கியரிலேயே இறங்கு என்பது. ஆட்டோமேட்டிக் என்றால் கையால் மாற்றும் முறைக்குத் தள்ளி இரண்டாம் கியரில் பிடித்து வையுங்கள். இஞ்சின் கத்தும், கத்தட்டும். பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்ததும் காலை எடுத்துவிட வேண்டும். வாடை வந்துவிட்டால் நிறுத்தி, தானாக ஆறும்வரை டீ குடியுங்கள்.

ஏறும்போது இன்னொரு தொல்லை. சஃபாரி, அல்கசார், இன்னோவா ஹைகிராஸ், காரென்ஸ் எல்லாம் முன்சக்கரம் இழுப்பவை. பின்னால் பாரம் உட்கார்ந்து, ஏற்றமும் சேர்ந்தால் முன்பக்கம் லேசாகிவிடும். மழை பெய்த கொண்டை ஊசியில் நின்று கிளப்பினால் டயர் வெறுமனே சுழலும். பழைய கிரிஸ்டா, ஸ்கார்பியோ-என் ரகங்களில் தனி இரும்புச் சட்டகத்தின் (சேஸிஸ்) மேல் உடம்பு, இழுவை பின்சக்கரத்தில். அதனால்தான் சீசனில் வாடகை வண்டிக்காரர்கள் கிரிஸ்டாவை விடுவதில்லை. குலுக்கும், ஆனால் ஏறும்.

ஆகவே டெஸ்ட் டிரைவுக்கு வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள், பாட்டி உட்பட. லோயர் கேம்ப் தாண்டி நாலு வளைவாவது ஏற்றிப் பாருங்கள். விற்பனைப் பையன் முகம் சுளிப்பான். சுளிக்கட்டும்.

குழந்தைகளைக் கடைசி வரிசையில் தள்ளுவது

பின் அச்சுக்கு மேலோ பின்னாலோதான் அந்த சீட் இருக்கும். வளைவில் வண்டி வீசுவது அங்கேதான் அதிகம். வாந்தி நிச்சயம். தலைக்கும் பின்கதவுக் கண்ணாடிக்கும் எத்தனை விரல் இடைவெளி, பக்கவாட்டு ஏர்பேக் கடைசி வரிசை வரை வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பின்னால் ஏசி துவாரம் இருப்பதாகச் சொன்னால் கையை வைத்துப் பாருங்கள். சிலவற்றில் அது உள்ளே இருக்கிற காற்றையே திருப்பி ஊதும் விசிறி, அவ்வளவுதான்.

டயர் காற்று

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர். முழுப் பாரத்துக்குத் தனி அளவு போட்டிருக்கும், பின் டயருக்குக் கூடுதலாக. கிளம்பும் முன், டயர் சூடாகாதபோது பிடியுங்கள்.

நடுவில் கேப்டன் சீட்

நடு வரிசையில் இரண்டே தனி சீட். சஃபாரி, அல்கசார் மாதிரி வண்டியென்றால் அப்புறம் அது ஆறு சீட்டர். ஏழாவது ஆளை மடியில் வைக்க முடியாது.

சன்ரூஃப்

குமுளியில் மழை.

சீசனில் வெள்ளை போர்டை வாடகைக்கு விடுவது

செக்போஸ்ட்டில் மாட்டினால் அபராதம். விபத்தானால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.