வேலிக்கு அடியில் ஒரு சுரங்கம்

ஆமைதானே, எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்தது என் தவறு. கொல்லைப்புறத்தில் கம்பிவலை அடித்துவிட்டு, போன் பேச உள்ளே போனேன். திரும்பி வந்தால் வலையோரம் மல்லாந்து கிடக்கிறது. நான்கு கால்களும் காற்றைத் துழாவுகின்றன. உச்சி வெயில். ஓட்டைத் தொட்டால் சுட்டது. இன்னும் சற்று நேரம் போயிருந்தால் சூட்டிலேயே செத்திருக்கும்.

குற்றம் வலையுடையது. மறுபக்கம் தெரிந்தால் ஆமை அதைத் தடுப்பாகவே மதிப்பதில்லை. முட்டும், ஏறும், கவிழும். வலையைக் கழற்றி, அப்பால் எதுவும் தெரியாதபடி 45 செ.மீ. உயரத்துக்குப் பலகைகள் நிறுத்தினேன். ஒரு வாரம் நிம்மதி. எட்டாம் நாள் பலகைக்கு அடியில் அழகாக ஒரு சுரங்கம்! எல்லாவற்றையும் பிடுங்கி, 30 செ.மீ. ஆழம் மண்ணுக்குள் இறக்கி, அடியில் செங்கல் பதித்தேன். மூலைகளில்தான் அது தொற்றி ஏறும் என்பதால் அங்கே மட்டும் மேலே குறுக்குப் பலகை.

மீன்தொட்டியையும் மூடிவிட்டேன். நில ஆமைக்கு நீச்சல் வராது, கல்லைப் போல மூழ்கும். குடிக்க ஆழமில்லாத மண்தட்டு போதும். அரளியை வேரோடு எடுத்தேன். இலை முதல் வேர் வரை நஞ்சு. நத்தைக்கு வைத்திருந்த மருந்தும் குப்பைக்குப் போனது.

எங்கள் நாய் பரம சாது. ஆனாலும் ஓட்டை எலும்பென்று கடித்துப் பார்க்க அதற்கு ஒரு நிமிடம் போதும். ஓட்டிலும் நரம்பு உண்டு, வலிக்கும். ஆமை வெளியே உலவும்போது கொல்லைக் கதவைத் தாழிட்டுவிடுகிறேன். நாய்க்கு இன்னும் கோபம் தீரவில்லை.