ஆட்காட்டியின் கூட்டையும் இரையையும் பதிவு செய்வது

இலங்கையில் திருகோணமலைக்கு அருகேயுள்ள நிலாவெளி உப்பளப் பக்கம் ஆய்வுக்குப் போவதென்றால், முதலில் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியை எடுத்துவிடுங்கள். சிவப்பு மூக்கு ஆட்காட்டி வெறுந்தரையில்தான் முட்டையிடும், பெரும்பாலும் 4. கத்துகிற பறவையின் பின்னால் ஓடாதீர்கள். அது உங்களைத் திசைதிருப்புகிறது. தள்ளி உட்கார்ந்து, அது மெல்ல நடந்துவந்து குந்தும் இடத்தைத் தொலைநோக்கியில் பாருங்கள். கூட்டருகே குச்சி நடவே வேண்டாம், காகத்துக்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. ஜிபிஎஸ் புள்ளி போதும்.

கச்சான் என்னும் வெப்பமான தென்மேற்குக் காற்று வீசும் நண்பகலில் கிட்டப் போவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்: அடைகாக்கும் பறவை எழும்பினால் முட்டை வெந்துவிடும். வயிற்று இறகை நனைத்துவந்து குளிர்விக்கிறதா என்று தூரத்திலிருந்தே குறியுங்கள்.

சரி, இரை? எச்சத்தைக் குப்பியில் ஸ்பிரிட் விட்டு வையுங்கள். திகதியும் இடமும் பென்சிலால்; மை கரைந்துவிடும். அப்புறம் உருப்பெருக்கியில் வண்டின் கெட்டியான மேற்சிறகு, எறும்பின் தலை என்று பிரித்து எண்ணலாம்.