காட்டில் கரடி எதிர்ப்பட்டால் செய்ய வேண்டியவை: புதியவர்களுக்கான விளக்கம்

கரடி மனிதரைத் தேடி வந்து தாக்குவது அரிது. நாம் சத்தமில்லாமல் மிக நெருங்கிவிடுவதாலோ, தாய்க்கும் குட்டிக்கும் நடுவே, அல்லது அது தின்றுகொண்டிருக்கும் இரைக்கு அருகே அகப்பட்டுக்கொள்வதாலோதான் பெரும்பாலும் விபரீதம் நேர்கிறது. ஆகவே, இங்கே சொல்லப்படும் படிகளில் முதல் மூன்றும் கரடியைக் காணும் முன்பே செய்ய வேண்டியவை.

படி 1: குரல் கொடுத்தபடி நடங்கள். புதர் மண்டிய வளைவுகளிலும், ஓடையின் இரைச்சல் பேச்சை விழுங்கும் இடங்களிலும், எதிர்க்காற்று வீசும்போதும் (உங்கள் வாடை முன்னால் இருக்கும் கரடிக்கு எட்டாது) உரக்கப் பேசுங்கள், கை தட்டுங்கள். பையில் கட்டிக்கொள்ளும் சிறு மணிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றின் ஒலி தொலைவுக்குப் போவதில்லை.

படி 2: சமையலையும் உணவுப் பொருள்களையும் கூடாரத்திலிருந்து சுமார் 100 மீட்டர் தள்ளி வையுங்கள். பற்பசை, சோப்பு, குப்பை ஆகியவையும் உணவோடு சேர்ந்தவையே, ஏனெனில் கரடி மோப்பத்தால்தான் வருகிறது.

படி 3: பேர் ஸ்பிரே எனப்படும் மிளகாய்க் காரத் தெளிப்பானை, அனுமதியுள்ள காடுகளில், கைக்கெட்டும்படி இடுப்பிலோ மார்புப் பட்டையிலோ மாட்டிக்கொள்ளுங்கள். பைக்குள் கிடப்பது தக்க நேரத்தில் உதவாது. உறையிலிருந்து உருவுவதையும், பாதுகாப்புக் கொக்கியைக் கட்டைவிரலால் பின்னுக்குத் தள்ளுவதையும் வீட்டிலேயே, விசையை அழுத்தாமல், கை பழகும்வரை செய்து பாருங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

படி 4: கரடியைக் கண்டால் ஓடாதீர்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய விலங்கிடமிருந்து ஓடித் தப்ப முடியாது; ஓடுவது துரத்தும் உணர்வையும் தூண்டும். அது உங்களைக் கவனிக்கவில்லையென்றால் வந்த வழியே சத்தமின்றி விலகுங்கள். கவனித்துவிட்டதென்றால் குழந்தைகளை அணைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் நிதானமாகப் பேசியபடி, முகத்தை அதன் பக்கமே வைத்துப் பக்கவாட்டில் மெல்ல நகருங்கள். பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் கரடி பெரும்பாலும் தாக்க வரவில்லை. நீங்கள் யார் என்று பார்க்கிறது, மோந்து அறிகிறது.

படி 5: பாய்ந்து வந்தாலும் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். பல பாய்ச்சல்கள் வெறும் மிரட்டலே. சில அடி தூரத்தில் கரடி நின்றுவிடும் அல்லது விலகிச் செல்லும். சுமார் 10 மீட்டருக்குள் வருவதற்குச் சற்று முன்பே, தெளிப்பானைச் சிறிது கீழ்நோக்கிப் பிடித்து, அதன் முகத்துக்கு முன்னால் ஒரு மேகம் படியும்படி அடியுங்கள்.

படி 6: மேலே விழுந்துவிட்டால் செய்ய வேண்டியது, அது ஏன் தாக்குகிறது என்பதைப் பொறுத்தது. நண்பர்கள் இருவரில் ஒருவன் மரமேற, மற்றவன் செத்தவன்போல் கிடந்து தப்பிய கதை நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அமெரிக்கக் கருங்கரடி மிக நன்றாக மரமேறும், செத்தவன்போல் கிடப்பதும் எல்லா நேரத்திலும் பலிக்காது. திடுக்கிட்ட பழுப்புக் கரடியோ குட்டியோடு இருக்கும் பழுப்புக் கரடியோ தற்காப்புக்காகத் தாக்கினால், பையைக் கழற்றாமல் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, புரட்டிவிட முடியாதபடி கால்களை அகட்டிக்கொண்டு அசையாமல் கிடங்கள். தாக்குவது அமெரிக்கக் கருங்கரடியாக இருந்தாலும், எந்தக் கரடியாயினும் உங்களைப் பின்தொடர்ந்து வந்தோ இரவில் கூடாரத்துக்குள் நுழைந்தோ தாக்கினாலும், கிடக்கவே கூடாது. கல், கம்பு, கத்தி எது கிடைத்தாலும் அதன் மூக்கையும் முகத்தையும் குறிவைத்து அடியுங்கள். நிறத்தைப் பார்த்து இனத்தை முடிவுசெய்யாதீர்கள், பழுப்பு நிறக் கருங்கரடிகளும் உண்டு. பழுப்புக் கரடிக்குத் தோளில் தெளிவான திமில் இருக்கும்.

செத்தவர்போல் கிடந்திருந்தால், கரடி விலகிய பிறகும் சில நிமிடங்கள் அசையாமல் கிடங்கள், அது அருகில் நின்றே பார்த்துக்கொண்டிருக்கலாம். பிறகு தலையை மட்டும் மெல்லத் தூக்கிப் பார்த்து, அது போன திசைக்கு எதிராக வெளியேறி, இடத்தையும் நேரத்தையும் வனத்துறையினரிடம் தெரிவியுங்கள்.